கனகலிங்கத்தின் இரண்டு செய்திகள்

கிளிநொச்சியில் கனகலிங்கத்தைத் தெரியாத வீடு குறைவு. தெரியும் என்பதற்காக அவர் வருவதை விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு படலையில் நின்றால் அந்த வீட்டில் யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பத்திரிகையின் கிளிநொச்சி நிருபர் அவர். ஆனால் நிருபர் என்ற பட்டம் அலங்காரத்துக்குத்தான்; அவர் வீட்டு அடுப்பு எரிந்தது மரண அறிவித்தல்களால். கண்டி வீதியில் தையல் கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவே ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரைகள், வெளியே பத்திரிகையின் பெயர்ப்பலகை. கோயிலில் அழுகிற சனத்தைவிட உங்கள் கதிரையில் அழுகிற சனம் கூட என்று நான் அவரைக் கேலி பண்ணுவதுண்டு. அவர் மறுப்பதில்லை.

நான் நளீர். அதே பத்திரிகைக்கு வவுனியாவிலிருந்து எழுதுகிறவன். பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றில், வளர்ந்தது புத்தளத்து ஓலைக் கொட்டிலில், இப்போது இருப்பது வவுனியாவில். கனகண்ணை என்னை யாருக்காவது அறிமுகப்படுத்துவதாக இருந்தால், "தண்ணீரூற்றைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்ட நளீர்" என்பார். கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் அப்படித்தான் தொடங்கும்.

"என்னை உயிரோட புதைக்கிறியளே, அண்ணை" என்பேன் நான்.

"ஆர் செத்தாலும் நான்தானே எழுத வேணும். இப்பவே பாடமாக்கி வைக்கிறன்" என்பார்.

பகிடிதான். ஆனால் பகிடி மட்டுமல்ல. அந்த மனிதருடைய மண்டைக்குள் ஆட்கள் அப்படித்தான் பதிந்திருந்தார்கள். எங்கே பிறந்தவர், எங்கே இருப்பவர், யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு தாய். முகத்தை மறந்துவிடுவார், இதை மறக்கமாட்டார்.

அதற்கும் காரணம் இருந்தது. போர் முடிந்து முகாமிலிருந்து அவர் வெளியே வந்தபோது பத்திரிகை அவரைத் தேடியது செய்திக்காக இல்லை. அறிவித்தல் போடாமலே செத்துப்போனவர்களுக்கெல்லாம் சனங்கள் அப்போதுதான் அறிவித்தல் போடத் தொடங்கியிருந்தார்கள். செத்த திகதி தெரியாதவர்கள் வந்தார்கள். இடம் தெரியாதவர்கள் வந்தார்கள். ஒரு தாய் மகனுடைய அடையாள அட்டையைக் கொண்டுவந்து, முகத்தின் பாதியில் விழுந்திருந்த முத்திரையைக் காட்டி, "இது தெரியாமல் படத்தைப் போடலாமோ தம்பி?" என்று கேட்டாவாம். இதை அவர் எனக்கு ஒரே தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்தவர்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது பல வேளைகளில் இரண்டே விஷயம்தான். பிறந்த ஊர், இருந்த ஊர். அந்த வருடங்களில் அவருடைய கை எழுதியதெல்லாம் அதுதான்.

அவர் செய்திக்காரராக ஆனது ஒரு சாவு வீட்டில்.

அக்கராயனுக்குப் போகிற வழியில் ஓர் அரிசி ஆலை இருந்தது. முதலாளி சுகிர்தன். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். மீள்குடியேறிய சனம் முதல் போக நெல்லை வைத்துக்கொண்டு முழித்தபோது வாங்க வந்தவர் அவர்தான். கோயிலில் அன்னதானம், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி, வருத்தக்காரருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம். ஊர்ப் பெண்கள் பலர் அந்த ஆலையை நம்பித்தான் உலை வைத்தார்கள். ஒருநாள் காலை அங்கே நெல் அவிக்கிற கொதிகலன் வெடித்தது. கமலாசனி என்ற பெண் ஆவியில் வெந்து செத்துப்போனாள். மற்றவர்கள் தேநீருக்கு வெளியே போயிருந்தபடியால் தப்பினார்கள்.

ஆலைத் தரப்பு சொன்ன கதை சுருக்கமானது. கமலாசனி அன்று வேலைக்கு வரவில்லை. தவிடு அள்ளிக்கொண்டு போக வந்தவள், போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டாள். பொலிஸார் அதை எழுதிக்கொண்டார்கள். செத்தவீட்டுச் செலவெல்லாம் முதலாளி பார்த்தார். பிரேதப் பெட்டியைத் தூக்கியவர்கள்கூட ஆலை ஆட்கள்தான்.

கனகண்ணை வழக்கம்போல அறிவித்தலுக்கு விபரம் எடுக்கப் போனார். பிறப்பிடம் கேட்டார், வதிவிடம் கேட்டார், பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார். எல்லாம் எழுதி முடிய, ஆலையின் மேற்பார்வையாளர் அவரைப் படலைவரை கூட்டிக்கொண்டு வந்து, மெதுவாக, "ஐயா, தொழில் ஒண்டும் போட வேண்டாம்" என்றாராம்.

அவ்வளவுதான். கனகண்ணை தொழிலைக் கேட்கவே இல்லை. அதிபர், தபாலதிபர், கிராம அலுவலர் என்றால் போடுவார்கள். நெல் அவிக்கிற பெண்ணுக்கு யார் தொழில் போடுகிறார்கள்? போடாத ஒன்றைப் போடவேண்டாம் என்று இந்த மனிதர் ஏன் சொல்கிறார்? மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் அதன்மேல் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். இவ்வளவு காலமும் சாவு வீட்டுக்குப் போய் கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டு வந்த மனிதருக்கு அன்றைக்கு மண்டைக்குள் பூச்சி புகுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் அக்கராயனுக்குப் போகாத கிழமை இல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் போனார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனார், காரணம் இல்லாவிட்டாலும் போனார். பெண்கள் தேத்தண்ணீர் கொடுத்தார்கள், கதை கொடுக்கவில்லை. ஆலை மூடினால் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசி இல்லாதவனுக்குத்தான் உண்மை பேசுவது லேசு.

கடைசியில் வாய் திறந்தவள் இராசேஸ்வரி. கமலாசனியோடு ஒன்றாக நெல் அவித்தவள். புருஷன் சிவபாதம் சீனி வருத்தத்தில் ஒரு காலையும் இரண்டு கண்ணையும் இழந்து கட்டிலில் கிடந்தார். மகள் லக்சிகா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயிற்றுக்கும் மருந்துக்கும் இராசேஸ்வரியின் இரண்டு கைதான். அப்படிப்பட்டவள் பேசினாள் என்றால், அவளுக்குப் பொறுக்காதது ஒன்று இருந்தது.

"அவளைத் தவிட்டுக் கள்ளி ஆக்கிப்போட்டாங்கள், அண்ணை" என்றாளாம். "பள்ளிக்கூடத்தில அவளின்ர பெடியனிட்டக் கேக்கினம், உங்கம்மா எவ்வளவு தவிடு எடுத்தவா எண்டு. அவள் தவிடு எடுக்க வரேல்லை. என்னோடதான் வேலைக்கு வந்தவள். ரெண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில சாப்பிட்டனாங்கள்."

பிறகு மற்றதையும் சொன்னாள். கொதிகலனில் ஆவி கூடினால் தானாகத் திறந்து வெளியே விடுகிற வால்வு ஒன்று உண்டு. கொழும்புக்கு அவசரமாக அரிசி அனுப்பவேண்டி இருந்த கிழமை அது. வால்வு சும்மா சும்மா சீறிக்கொண்டிருந்தபடியால் நெல் அவியப் பிந்தியது. வால்வின் கைபிடியில் ஒரு கருங்கல்லைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். சீறல் நின்றது. வெடித்த அன்று பொலிஸார் வர முதலே அந்தக் கல்லையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இதைச் சொன்னது நான் எண்டு தெரிய வந்தால் எங்கட வீட்டில அடுப்பு எரியாது. என்ர பேர் வரக்கூடாது, அண்ணை. வராதெண்டு சொல்லுங்கோ."

"வராது, தங்கச்சி" என்றார் கனகண்ணை. "செத்தாலும் என்ர வாயில வராது."

யாழ்ப்பாணத்தில் எங்கள் செய்தி ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் முன்னெச்சரிக்கை என்றால் அவருக்கு ஒரு நோய். பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் அந்த ஆலையின் வாழ்த்து விளம்பரம் எங்கள் பத்திரிகையில் வரும். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் கேட்டது வேறு. "ஒரு பொம்பிளை சொன்னதை வைச்சு ஒரு ஆலையையே குற்றம் சாட்டேலாது, கனகலிங்கம். இன்னொரு வாய் வேணும்."

இன்னொரு வாய் என்று இருந்தது ரஜிதன் மட்டும்தான். ஆலையின் மெக்கானிக்காக இருந்தவன். வெடிப்புக்குக் கொஞ்சம் முன்னர் வேலையை விட்டு வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற கொட்டகை ஒன்று போட்டிருந்தான். நெளுக்குளம் என்னுடைய எல்லை. கனகண்ணை பஸ்ஸில் வந்து இறங்க, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் படபடவென்று பேசுகிற ஆள். ஆலை, வெடிப்பு, சாவு என்று தொடங்கிவிட்டேன். ரஜிதன் கை முழுக்கக் கிறீஸோடு என்னைப் பார்க்காமலே, "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் அதுக்கு முதலே வந்திட்டன்" என்றான். நான் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறக்க, கனகண்ணை என் முழங்காலில் கையை வைத்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே கிடந்த ரயரின்மேல் உட்கார்ந்துகொண்டார். சாவு வீடுகளில் அவர் படித்த வித்தை அது. விபரம் கேட்கப் போனால் ஒருவரும் உடனே சொல்லமாட்டார்கள், பக்கத்தில் சும்மா இருந்தால் தாங்களாகவே தொடங்குவார்கள் என்பார். இருந்தார். ரஜிதன் ஒரு மெசினைக் கழற்றினான், பூட்டினான், திரும்பவும் கழற்றினான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

பிறகு அவன் தலையை நிமிர்த்தாமல், "கல்லைக் கட்டினது நான் இல்லை, ஐயா" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"சீறட்டும், ஆறவிடுங்கோ எண்டு நான் சொன்னனான். முதலாளி வெடிக்க வேணுமெண்டு செய்யேல்லை. ஒரு கிழமைக்கு அமத்தி வையுங்கோ எண்டுதான் சொன்னவர். நான் மாட்டன் எண்டிட்டு வந்திட்டன். வந்தனானே தவிர, நிப்பாட்டேல்லை." கிறீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்தான். "என்ர பேரைப் போட்டால் நான் இல்லையெண்டு சொல்லுவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

திரும்பி வரும்போது கனகண்ணை பஸ் நிலையத்தில், "இரண்டு வாய் ஆயிட்டுது, நளீர்" என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. வாழ்நாள் முழுக்கச் செத்தவர்களுக்காக எழுதியவர், இப்போதுதான் ஒரு செத்தவளின் பக்கம் நின்று எழுதப் போகிறார். எனக்கு அவரில் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்தச் செய்தியை அவர் எப்படிக் காபந்து பண்ணினார் என்று எனக்குத் தெரியும். இராசேஸ்வரியின் பெயரைப் போனில்கூடப் பதியவில்லை. என்னிடம் பேசும்போதும் "அந்தப் பிள்ளை" என்றுதான் சொல்வார். ரஜிதனை "ஆலையில் முன்னர் பணியாற்றிய ஒருவர்" என்று எழுதினார். செய்தி முதற்பக்கத்தில் வந்தது. வவுனியா பஸ் நிலையத்தில் நின்று நான் ஒரு மூச்சில் வாசித்தேன். கமலாசனி வேலைக்குத்தான் வந்தவள், வால்வில் கல் தொங்கியது, கல் மறைந்தது, எல்லாம் நிதானமாக, ஒரு சொல் கூடக் குறையாமல் இருந்தது. பத்திரிகையை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, நல்ல தேத்தண்ணீர் ஒன்று குடிக்கப் போனேன்.

மத்தியானம் அவர் கோல் எடுத்தார்.

"நளீர், அக்கராயனில எழுவைதீவார் எத்தினை வீடு இருக்கினம் எண்டு நினைக்கிறீர்?"

"எனக்கென்னண்டு தெரியும்? ஏன் அண்ணை?"

"ஒரு வீடு."

பத்திரிகையை விரித்து மறுபடி வாசித்தேன். மூன்றாவது பந்தி. 'எழுவைதீவைப் பிறப்பிடமாகவும் அக்கராயனை வதிவிடமாகவும் கொண்ட பெண் தொழிலாளி ஒருவர் எமது பத்திரிகைக்குத் தெரிவிக்கையில்...'

அவருடைய கை எழுதிவிட்டது. யோசித்து எழுதியதில்லை, கை எழுதியது. உதவி ஆசிரியர் பார்த்தார், ஒப்பு நோக்குகிறவர் பார்த்தார், முன்னெச்சரிக்கைக்காரரான செய்தி ஆசிரியரும் பார்த்தார். ஒருவருக்கும் அது கண்ணில் குத்தவில்லை. நாள் தவறாமல் பக்கம் பக்கமாக அதே வசனத்தைப் பார்க்கிற கண்கள் அவை. வெளியூரான் ஒருவன் வாசித்திருந்தால் அவனுக்கும் அதில் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் அக்கராயன், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் ஊர். அங்கே ஆட்களுக்குப் பெயர் இரண்டாம் பட்சம். வேலணையார் வளவு, கரம்பனார் கிணறு, நெடுந்தீவாற்றை வயல் என்றுதான் கதை. ஆலையில் இராசேஸ்வரியை அவளுடைய பெயரால் கூப்பிட்டவர்களே இல்லை. எழுவைதீவக்கா என்பதுதான் அவளுடைய பெயர். பெயரைப் போடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனிதர், ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயரை முதற்பக்கத்தில் போட்டுவிட்டார்.

பொலிஸார் வந்தார்கள், தொழில் திணைக்களத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், விசாரணை முடியும்வரை ஆலையைப் பூட்டினார்கள். கமலாசனியின் கணக்கில் ஒரு வெற்றி என்று சொல்லலாம். ஆனால் அது அறுவடைக் காலம். கண்டாவளைப் பக்கமிருந்துகூட நெல் ஏற்றி வந்த உழவு இயந்திரங்கள் ஆலை வாசலில் நின்று திரும்பிப் போயின. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் யாரைத் திட்டுவது? முதலாளியைத் திட்ட முடியுமா? சுகிர்தன் சத்தம்கூடப் போடவில்லை. பிஸ்கட் பெட்டியோடு இராசேஸ்வரி வீட்டுக்கு வந்து, சிவபாதத்தின் கட்டில் ஓரத்தில் இருந்து, மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறீங்களோ என்று விசாரித்துவிட்டுப் போனார். அதோடு அந்தப் படலைக்குள் வேறு ஒருவரும் வரவில்லை. பின் வளவில் நடந்த ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு அவர்களைத் தவிர எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள். ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் அவர்கள் வீட்டுக்குள்ளும் கேட்டது.

ஆலை திறந்தபோது எல்லாப் பெண்களையும் திரும்ப எடுத்தார்கள். இராசேஸ்வரியை எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. "சொல்லி அனுப்புறம்" என்றார்கள். அவள் வயலில் களை பிடுங்கப் போனாள், அதிலும் பலர் அவளைக் கூப்பிடவில்லை.

கனகண்ணை அவளைப் பார்க்கப் போக எத்தனையோ தடவை வெளிக்கிட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். கடைசியாக என்னையும் வரச் சொன்னார். தனியப் போகத் துணிவில்லை என்று வாய் திறந்தே சொன்னார். அக்கராயன் குளத்துப் பக்கமாகப் போனோம். குளம் நிரம்பி வான் பாய்ந்து ஓய்ந்திருந்த நேரம், வயல் எல்லாம் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது.

இராசேஸ்வரி முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் தள்ளிவைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"தங்கச்சி, நான் செய்தது..." என்று தொடங்கினார் கனகண்ணை.

"தெரியும், அண்ணை. வேணுமெண்டு செய்யேல்லை எண்டு தெரியும்." அவள் கொஞ்சநேரம் வீதிப் பக்கம் பார்த்தாள். "ஆனா ஒண்டு சொல்லுறன். நீங்கள் என்ர பேரையே போட்டிருக்கலாம். நான்தான் வேண்டாம் எண்டனான், சரி. ஆனா போட்டிருந்தால், இராசேஸ்வரி துணிஞ்சு சொன்னவள் எண்டு நாலு பேராவது நினைச்சிருப்பினம். இப்ப எல்லாருக்கும் நான் ஒளிச்சிருந்து காட்டிக் குடுத்தவள். சொன்னதுக்குக்கூட இல்லை, அண்ணை. ஒளிச்சதுக்குத்தான் துப்புகினம்."

கனகண்ணை தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து சிவபாதம், "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்க, அவள், "பேப்பர்க்காரர்" என்றாள். அந்த ஒரு சொல் எங்கள் இரண்டு பேரையும் ஒரே கட்டாகக் கட்டியது.

அதற்குப் பிறகுதான் அவள் நீதிமன்றம் போவதென்று முடிவெடுத்தாள். மரண விசாரணை திரும்பவும் எடுக்கப்பட்டிருந்தது. சாட்சி சொல்ல வேறு ஒருவரும் வரவில்லை. ரஜிதனைத் தேடிப் போனேன், கொட்டகை பூட்டிக் கிடந்தது. இராசேஸ்வரி தனியாகக் கூண்டில் ஏறினாள். நானும் அன்று போயிருந்தேன். பின் வாங்கில் சுகிர்தனும் ஆலைப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்காமல் நீதவானைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். கமலாசனி தன்னோடு வேலைக்கு வந்தவள் என்றாள். கல்லைச் சொன்னாள், கம்பியைச் சொன்னாள், அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதையும் சொன்னாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு மறுக்காகக் கேட்டார். அவள் மாற்றவில்லை.

வெளியே வந்ததும் கனகண்ணையிடம் வந்தாள்.

"அண்ணை, இந்த முறை என்ர பேரைப் போடுங்கோ. முழுப் பேரும் போடுங்கோ. சிவபாதம் இராசேஸ்வரி. வீட்டில இவர் வாசிக்கக் கேக்க வேணுமெண்டு சொன்னவர்."

"போடுறன், தங்கச்சி."

அவர் நீதிமன்ற வாசல் மரத்தடியிலேயே இருந்து எழுதினார். முதல் வசனத்திலேயே அவளுடைய பெயர். எழுதியதை என்னிடம் நீட்டி, "பாரும், வேற ஏதும் பிழை இருக்கோ?" என்று கேட்டார். நான் சொல் சொல்லாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. பிறப்பிடமும் இல்லை, வதிவிடமும் இல்லை. அவள் பெயரும் அவள் சொன்னதும் மட்டும். அனுப்பினார்.

அடுத்த நாள் செய்தி உள் பக்கத்தில், மாகாணசபை அறிக்கை ஒன்றுக்குக் கீழே வந்திருந்தது. 'அரிசி ஆலை மரண விசாரணையில் பெண்ணொருவர் சாட்சியமளித்தார்.' உள்ளேயும் பெண்ணொருவர், குறித்த பெண், மேற்படி பெண். அவ்வளவுதான்.

நான் கிளிநொச்சியில் அவருடைய அறையில் இருக்கும்போதே செய்தி ஆசிரியருக்குக் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தான் பேரை எடுத்தனான், கனகலிங்கம்" என்றது குரல். "போன முறை பட்டது போதாதோ? அதுக்குப் பிறகு சாட்சியளின்ர பேரோ ஊரோ ஒண்டும் போடுறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம். அந்தப் பொம்பிளையைக் காப்பாத்தத்தான் எடுத்தனான்."

"அவா போடச் சொன்னவா, ஐயா."

"அவாவுக்குத் தெரியாது பின்னால என்ன வருமெண்டு. நாங்கள்தான் யோசிக்க வேணும்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் ஆத்திரம். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

கனகண்ணை போனை மேசையில் வைத்தார். பத்திரிகையை எடுத்து மடித்தார். "அவா கடையில வாங்கி வாசிக்க முதல் நான் போய்ச் சொல்ல வேணும், நளீர். நீரும் வாரும்" என்றார்.

நாங்கள் பிந்திவிட்டோம். லக்சிகா காலையிலேயே சந்திக் கடைக்குப் போய் பத்திரிகை வாங்கி வந்திருந்தாள். இராசேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்திருந்தாள். எங்களைக் கண்டதும் வாங்கோ என்று சொல்லவில்லை. விரலால் அந்தச் செய்தியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதில நான் எங்க, அண்ணை?"

கனகண்ணை ஆசிரியரைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சிவபாதம் எழுந்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

"வந்திட்டுதோ? உன்ர பேர் போட்டிருக்கோ?"

இராசேஸ்வரி எங்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஓம், போட்டிருக்கு" என்றாள்.

"வாசி பாப்பம்."

அவள் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தமாக வாசித்தாள். "அரிசி ஆலை மரண விசாரணையில் சிவபாதம் இராசேஸ்வரி சாட்சியமளித்தார்." அடுத்த வசனத்தையும் வாசித்தாள். அதிலும் பெயரைப் போட்டு வாசித்தாள். பெண்ணொருவர் என்று வந்த இடமெல்லாம் ஒன்று விடாமல் தன் பெயரைப் போட்டு முடிவுவரை வாசித்தாள். லக்சிகா குசினிப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

உள்ளே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"பரவாயில்லை" என்றார் சிவபாதம். "பிழையில்லாமல் போட்டிருக்கிறாங்கள்."